பிள்ளு என்றால் புள்ள

சின்ன வயதில் நான் நன்றாகத் தமிழ் பேசினேன் என்று சொன்னால் என் அம்மா சிரிப்பாள். வீட்டில் தமிழ், படியிறங்கினால் மராத்தி, பள்ளியில் ஆங்கிலம், காய்கறி வண்டிக்காரரிடம் இந்தி என்று வளர்ந்த குழந்தைக்கு எந்த மொழியும் முழுசாக வாய்க்காது. என்னிடம் இருந்தது சமையலறைத் தமிழ். பசி, தூக்கம், வயிற்றுவலி இவற்றைத் தமிழில் சொல்லிவிடுவேன். மற்றதற்கெல்லாம் வாய்க்கு வந்த மொழியிலிருந்து ஒரு சொல்லை எடுத்து நடுவில் செருகிக்கொள்வேன். கோழிக்குஞ்சுக்கு என்னிடம் இருந்த சொல் பிள்ளு. அது மராத்தி. அங்கே கோழிக்குஞ்சும் பிள்ளுதான், பூனைக்குட்டியும் பிள்ளுதான். அந்த ஒரு சொல் என் சித்தி வீட்டில் என்ன வேலை செய்தது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது நாங்கள் புனேயில், நிக்டியில் இருந்தோம். சித்தி என்பவள் அம்மாவின் சொந்தத் தங்கை. சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வெவ்வேறு தொழிற்சாலைகளில் வேலை. ஒரே கட்டடத்தில் எங்கள் வீடு மேலே, சித்தி வீடு தரைத்தளத்தில். அம்மா வங்கி வேலைக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்துக்குத்தான் வருவாள் என்பதால், மதியம் பள்ளி விட்டதும் என் பை விழும் இடம் சித்தி வீட்டுக் கட்டில்.

சித்திக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஊரிலிருந்த சித்தப்பாவின் அம்மாவுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. ஃபோன் செய்வார். சித்தி எடுத்தால், "அவன் இல்லையா?" என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால் வைத்துவிடுவார். மருமகள் என்ன செய்கிறாள், சாப்பிட்டாளா, உடம்பு எப்படி என்று ஒரு வார்த்தை வராது. சித்தி ரிசீவரைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, அதைத் துடைத்து வைப்பாள். அந்த வீட்டில் அவ்வளவு சுத்தமான பொருள் அந்த ஃபோன்தான்.

அந்தத் தீபாவளிக்கு அவர்கள் ஊருக்குப் போய்வந்த பிறகு, அம்மா அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. "அவருக்கு வேற எடம் பாக்கறாங்களாம். இவகிட்டயே சொல்லியிருக்காங்க." இடம் என்றால் எனக்கு வீடு. சித்தப்பா வீடு மாற்றப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் சித்தியிடம் போய், "நீங்க வேற வீட்டுக்குப் போயிடுவீங்களா?" என்று கேட்டேன். சித்தி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தெரியல சாமி" என்றாள். வீடு மாறுவது பெரியவர்களுக்கே தெரியாமல் நடக்குமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

சித்தப்பா இதிலெல்லாம் தலையிடாத மனிதர். நல்லவர்தான். ஆனால் வீட்டில் ஏதாவது கனமாகப் பேச்சு ஆரம்பித்தால் ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார். தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் என்பதால் அவரிடம் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. குளியலறையில் காளான் வளர்த்தார். தண்ணீர்த் தொட்டியில் மீன் வளர்த்தார். இரண்டும் என்ன ஆயின என்று அவரைக் கேட்கக் கூடாது. அந்த மார்கழிக் குளிரில் அவர் மூளையில் உதித்தது கோழி. ஒரு தெர்மோகோல் பெட்டியைக் கொண்டுவந்து, உள்ளே குண்டு பல்பு மாட்டி, சூடு ஏறினால் தானாக அணைந்து இறங்கினால் தானாக எரிகிற மாதிரி ஒரு சாமானையும் வைத்தார். மூலையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர். மூடியில் கண்ணாடி பதித்த ஜன்னல், அதன் வழியே பார்த்தால் தெரிகிற இடத்தில் ஒரு தெர்மாமீட்டர். "அடைக்கோழி எதுக்கு? இனிமே இதுதான் கோழி" என்றார்.

முட்டை கடையில் வாங்கியதல்ல. கடை முட்டையில் சேவல் சம்பந்தம் கிடையாது, சூடு காட்டினால் அவிந்துதான் போகும் என்று சொல்லி, தளேகாவ் பக்கம் கோழி வளர்ப்பவர் ஒருவரிடமிருந்து கவ்ரான் முட்டை வாங்கிவந்தார். நம் ஊரில் நாட்டுக்கோழி முட்டை என்பதைத்தான் அங்கே கவ்ரான் என்பார்கள். சேவலுக்கும் முட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பிறகு எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிட்டது.

இருபத்தொரு நாளில் பொரிக்கும் என்று சொல்லிவிட்டு அவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். வழக்கம்போல, ஆரம்பித்தது அவர், அல்லாடுவது சித்தி. வேளைக்கு ஒருமுறை முட்டைகளைத் திருப்பி வைக்க வேண்டும். எதைத் திருப்பினோம் என்று குழம்பாமலிருக்க, ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் பென்சிலால் போட்டது நான். முதலில் சித்தி அதை வேண்டாவெறுப்பாகத்தான் செய்தாள். இன்னொரு தொல்லை என்று முணுமுணுத்தாள். ஒரு வாரம் போனதும், குளியலறைக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, ஒரு முட்டையின் அடியில் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தோம். உள்ளே சிவப்பாக நூல் நூலாக ஓடியது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. சித்தி டார்ச்சை அணைக்கவே இல்லை. எனக்குக் கால் கடுத்து, போகலாம் சித்தி என்று புடவையைப் பிடித்து இழுத்தேன். "இரு சாமி, இரு" என்று மெதுவாகச் சொன்னாள், ஏதோ சத்தம் போட்டால் அது நின்றுவிடும் என்பதுபோல.

அன்றிலிருந்து அவளுக்குப் பிடித்துக்கொண்டது. வெளியே யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். வீட்டு ஓனர் கோழி, ஆடு என்றால் குதிப்பார். எனக்கோ வயிற்றில் ரகசியம் தங்காது.

இரண்டு நாள் கழித்து சித்தி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. நான் எடுத்தேன். சித்தப்பாவின் அம்மா. ஊர் ரொம்ப தூரம் என்பதால் சத்தமாகப் பேசினால்தான் கேட்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

"யாரு, அக்கா மவளா? உங்க சித்தப்பன் இல்லையா?"

"இல்ல. சித்திதான் இருக்காங்க. சித்தி வீட்டுல பிள்ளு வரப்போகுது." ஊரில் இருக்கிறவர் வீட்டு ஓனரிடம் சொல்லிவிடப் போவதில்லை என்று கணக்குப் போட்டுத்தான் சொன்னேன்.

"என்ன வரப்போகுது?"

"பிள்ளு."

லைன் போய்விட்டதோ என்று ரிசீவரைத் தட்டினேன். பிறகு அவர் குரல் வந்தது. அவரிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

"பிள்ளு இல்ல சாமி. புள்ள. புள்ளன்னு சொல்லு."

"புள்ள" என்றேன். தமிழில் இப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

"நெசமாத்தானா? யாரு சொன்னா உனக்கு?"

"சித்திதான். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னாங்க."

"ஆமா சாமி, சொல்லக் கூடாது. நீயும் சொல்லாத. கண்ணு பட்டுரும்." அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. குளிர் அங்கேயும் அதிகம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம், சித்தப்பா வீட்டில் இருக்க மாட்டார் என்று தெரிந்த நேரத்தில், மறுபடியும் ஃபோன் வந்தது. சித்தி எடுத்து, வழக்கம்போல, "அவரு ஷிஃப்டுக்குப் போயிருக்காருங்க அத்தை" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரல் எனக்கே தெளிவாகக் கேட்டது.

"அவன் எனக்கெதுக்கு? உன்னயத்தான் கூப்பிட்டேன். அம்முணி, சாப்பிட்டியா?"

சித்தி ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

"கொழந்த வாயில வந்ததச் சாமியே சொன்ன மாதிரின்னு எடுத்துக்கிட்டேன். நீ ஒன்னும் சொல்ல வேண்டாம். மூணு மாசம் முடியாம வாயத் தொறக்கக் கூடாது. நான் அவன்கிட்டக் கூட மூச்சு விட மாட்டேன். சாப்பிட்டியான்னு கேட்டேன்."

சித்தி திரும்பி என்னைப் பார்த்தாள். பார்வை என் மேல் இருந்து பெட்டிக்குப் போய், பெட்டியிலிருந்து மறுபடி என்னிடம் வந்தது. வாயைத் திறந்தாள். அவள் சொல்ல வந்தது என்னவென்று இன்றைக்கு எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும். இல்லீங்க அத்தை, அது கோழிக்குஞ்சு. அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டிலிருந்து யாரும் அவளைச் சாப்பிட்டாயா என்று அதற்கு முன் கேட்டதில்லை.

"சாப்பிட்டேனுங்க அத்தை" என்றாள்.

அதிலிருந்து தினமும் மத்தியானம் ஃபோன் வந்தது. அவர் கத்துகிற புத்திமதியெல்லாம் என் காதிலும் விழுந்தது. அலுங்காமல் இருக்க வேண்டும் என்றார். சரிதான், முட்டையை அலுங்க விடக் கூடாது. நேரா நேரத்துக்குத் தண்ணீர் என்றார். அதுவும் சரி, கிண்ணத்தில் தண்ணீர் வற்றக் கூடாது. ஊரில் இருந்துகொண்டே கோழி வளர்ப்பில் இவ்வளவு தெரிந்திருக்கிறாரே என்று எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. ஒன்றில் மட்டும்தான் குழப்பம். "பப்பாளி பக்கமே போகாத. சூடு ஆகவே ஆகாது" என்றார் ஒருநாள். அவர் வைத்ததும், "சூடு ஆகாதாமே சித்தி, பல்பை அணைச்சிடலாமா?" என்று கேட்டேன். சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சித்தி பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லையே. கேட்டதற்கெல்லாம் சரிங்க அத்தை, சாப்பிட்டேனுங்க அத்தை, அப்படியே பண்றேனுங்க அத்தை, அவ்வளவுதான். ஆனால் ஆள் மாறிக்கொண்டிருந்தாள். நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொள்கிறவள், தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிட்டாள். வாளியைத் தூக்கும்போது ஒரு கணம் யோசித்துவிட்டு, பாதியைக் கொட்டிவிட்டுத் தூக்கினாள். மத்தியானம் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, அந்த ஜன்னல் வழியே வரும் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஃபோன் அடிக்கும் நேரம் நெருங்கினால் தலை வாரிக்கொள்வாள். ஃபோனில் பேசத் தலை எதற்கு வார வேண்டும் என்று நான் கேலி செய்தேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனம் கனத்துப்போகிறது. என் சித்தியை அவ்வளவு அழகாக நான் பிறகு பார்த்ததில்லை.

பொரிக்க இன்னும் சில நாட்களே இருந்தபோது, மாமியார் சொன்னார். "தை பொறந்ததும் நானே வந்தர்றேன். டிக்கெட் போடச் சொல்லீட்டேன். நீ ஒத்தையில கெடந்து கஷ்டப்பட வேண்டாம்."

சித்தி அன்றைக்கு ரிசீவரைத் துடைக்கவில்லை. மடியிலேயே வைத்திருந்தாள். அது கொர்ரென்று கத்திக்கொண்டிருந்தது.

"அவங்க வந்தா நல்லதுதானே சித்தி? புள்ளையெல்லாம் பாப்பாங்க" என்றேன். புதுத் தமிழ்ச் சொல்லை நான் விடாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தேன்.

"ஆமா சாமி. வந்தா பாப்பாங்க" என்றாள்.

எங்கள் பகுதியில் அப்போதெல்லாம் லோட் ஷெட்டிங் தினசரி சமாச்சாரம். சித்தி கம்பளியால் பெட்டியை மூடி, உள்ளே சுடுதண்ணீர் பாட்டில் வைத்து எப்படியோ சமாளித்துவிடுவாள். ஆனால் அந்த வாரம் மூலையில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. காலையில் போன கரண்ட் நான் பள்ளியிலிருந்து வந்தபோதும் வரவில்லை. நல்ல குளிர். கதவு சாத்தியிருந்தும் தரை ஜில்லென்றிருந்தது. சித்தி சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெட்டி திறந்து காலியாகக் கிடந்தது. சித்தப்பாவின் ஸ்வெட்டரைப் போட்டு, அதன்மேல் சால்வையைச் சுற்றியிருந்தாள். ஸ்வெட்டருக்குள், வயிற்றோடு சேர்த்துக் கட்டிய துணியில் முட்டைகள் எல்லாம் இருந்தன. அசையவே இல்லை. எனக்குப் பசிக்கிறது என்றபோது, "சாமி, இன்னிக்கு நீயே எடுத்துச் சாப்பிட்டுக்கோ. நான் எந்திரிக்கக் கூடாது" என்றாள். ஸ்வெட்டரின் மேல் அவள் கை இருந்த விதத்தைப் பார்த்து, உள்ளே கை வைத்துப் பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. விடவில்லை.

கரண்ட் மறுநாள்தான் வந்தது. முட்டைகள் பெட்டிக்குள் திரும்பிப் போயின. பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. ஓட்டில் ஒரு கீறல் இல்லை. சித்தப்பா ஒவ்வொன்றாக எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார். "எல்லாம் கூமுட்டை. குளிர்ல போயிருச்சு. தூக்கிப் போட்டுரு" என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பினார். காளானுக்கும் மீனுக்கும் பட்ட வருத்தத்தைவிட இதற்கு அவர் அதிகம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. சித்தி தூக்கிப் போடவில்லை. பல்பையும் அணைக்கவில்லை. என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து ஃபோனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அன்று தலை வாரிக்கொள்ளவில்லை.

மணி அடித்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் டிக்கெட் கிடைத்துவிட்டதைப் பற்றிச் சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தது. சித்தி அது முடியும்வரை கேட்டாள்.

"அத்தை" என்றாள். "கலைஞ்சு போச்சுங்க அத்தை."

அதைச் சொல்லி முடித்ததும் அழுதாள். அவள் அழுகை எனக்குத் தெரியும், சத்தமே வராது. இது வேறு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி வாங்கி அழுதாள். ஃபோனில் அந்தப் பக்கமும் அழுதார்கள். பிறகு அந்தப் பக்கம் கேள்விகள் ஆரம்பித்தன. நீ என்ன தூக்கினாய், எங்கே போனாய், நான் சொன்னதைக் கேட்டாயா என்று குரல் உயர்ந்துகொண்டே போனது. சித்தி எல்லாவற்றுக்கும் இல்லீங்க அத்தை, இல்லீங்க அத்தை என்றாள். அந்த நாளோடு மத்தியான ஃபோன் நின்றுபோனது. எப்போதாவது வந்தாலும், அவன் இல்லையா என்பதோடு முடிந்தது.

அன்று சித்தி இன்னும் ஃபோனில் அழுதுகொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஜன்னலில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பெருக்கல் குறி போட்ட ஒரு முட்டையில், அந்தக் குறிக்குப் பக்கத்திலேயே ஓடு பெயர்ந்திருந்தது. ஓட்டைக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு குரல். எல்லாம் போய்விட்டது என்றார்களே, ஒன்று இருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய்ச் சித்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஃபோனுக்கும் கேட்கும்படி, "சித்தி, புள்ள வந்திருச்சு" என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே சித்தியின் கை என் வாயை மூடிவிட்டது. அவ்வளவு பலமாக அவள் என்னைப் பிடித்ததே இல்லை. பல் உதட்டில் பட்டது. ரிசீவரை வைக்கும்வரை விடவில்லை.

வைத்த பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதுகொண்டே, "ஊர்ல சொல்ல வேண்டாமா? அவங்களும்தானே அழறாங்க. ஒன்னு பொழைச்சிருச்சுன்னா சந்தோசப்படுவாங்க" என்றேன்.

"வேண்டாம் சாமி. அது நம்ம புள்ள. அங்க சொல்ல வேண்டாம்."

"கலைஞ்சு போச்சுன்னா என்ன சித்தி?"

சித்தி என் கண்ணைத் துடைத்துவிட்டாள். "பொரிக்கலைன்னு அர்த்தம்" என்றாள். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு, ஈரமாக, நடுங்கிக்கொண்டு வெளியே வந்து விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் எடுக்கவில்லை. நான் இருட்டும்வரை அங்கேயே இருந்தேன். மற்ற முட்டைகளுக்கு நடுவில் அது மட்டும் கத்திக்கொண்டே இருந்தது.

அம்மா வேலையிலிருந்து வந்து, உடைகூட மாற்றாமல் எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டையெல்லாம் என்னாச்சு?" என்று கேட்டாள்.

"ஒன்னு மட்டும் வந்துச்சு. மத்ததெல்லாம் கலைஞ்சு போச்சு" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

அம்மா சிரித்தாள். "முட்டைக்கு அப்படிச் சொல்ல மாட்டாங்க கண்ணு. கூமுட்டையாப் போச்சுன்னு சொல்லணும். இதை யாரு உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"சித்திதான். அவங்க அத்தைகிட்ட ஃபோன்ல அப்படித்தான் சொன்னாங்க. வயித்தப் புடிச்சுக்கிட்டு அழுதாங்க."

அம்மாவின் கையில் தோசைத் திருப்பி அப்படியே நின்றது. "என்னைக்கு?" என்றாள். இன்னைக்குத்தான் என்றேன். அடுப்பை அணைத்தாள். தோசை ஒரு பக்கம் வேகாமல் கல்லிலேயே கிடந்தது. செருப்புகூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினாள்.

எனக்குச் சித்தியை நினைத்துப் பாவமாக இருந்தது. நான் எத்தனை தப்பாகத் தமிழ் பேசினாலும் சிரித்துவிட்டுப் போகிற அம்மா, தங்கச்சி தெரியாமல் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னதற்கா இப்படிச் சண்டைக்குப் போக வேண்டும்? பின்னாலேயே போய், மாடிப்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, சித்தியத் திட்டாத. நாளைக்கு நானே சரியாச் சொல்லிக் குடுத்தர்றேன்" என்று கீழே பார்த்துக் கத்தினேன்.